கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி போர்ட் வைப்பது எப்படி?

கல்முனைப் பிரதான வீதியில் கடை திறக்கப் போகிறீர்கள். முற்பணம் கட்டியாயிற்று, றாக்கை அடித்தாயிற்று, யாசீன் ஓதுகிற நாளும் குறித்தாயிற்று. சாமான் கொழும்பிலிருந்து லொறியில் வந்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது போர்ட் ஒன்றுதான். அதைச் சின்ன அலுவல் என்று நினைத்து மச்சானிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தரம் போய்ப் பாருங்கள். ஊருக்கு ஊர் கடை, கடைக்குக் கடை போர்ட், ஒவ்வொன்றும் பக்கத்துக் கடையை விடச் சத்தமாகக் கூப்பிடுகிறது. அந்தச் சத்தத்துக்குள் உங்கள் குரல் எடுபட வேண்டுமென்றால் முறையான பயிற்சி வேண்டும்.

கீழே உள்ள படிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றுங்கள். நீங்கள் விற்பது சீமெந்தா சீத்தைத் துணியா என்று ஒருவருக்கும் விளங்காது. ஆனால் உங்களுக்கு ஒரு கடை இருக்கிறது என்பது பொத்துவில் வரைக்கும் தெரிந்துவிடும்.

தேவையானவை

கடைக்கு ஒரு பெயர். உதாரணத்துக்கு 'பாத்திமா ஹாட்வெயார்' என்று வைத்துக்கொள்வோம். உம்மாவின் பெயரும் மகளின் பெயரும் அதுவே என்றால் வீட்டில் வழக்கு வராது. பாமினி எழுத்துரு ஏற்றிய கொம்பியூட்டர் ஒன்று. அதன் முன்னால் டிசைன் போடத் தெரிந்த தம்பி ஒருவர். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் பெருப்பிங்க" என்று சொல்ல நாலு பேர். நாலு பேருக்கும் பிளேன்டீ.

படி 1: கால் உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கில எழுத்தில் இரண்டு சாதி உண்டு. கோடு முடிகிற இடத்தில் சும்மா முடிவது ஒன்று. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு குறுக்குக் கால் வைத்து முடிவது மற்றது. அந்தக் காலுக்குச் செரிப் என்று பெயர். புத்தகத்திலும் பத்திரிகையிலும் வருகிற செரிப் மெல்லியது, நுனியில் கூர்ந்து போவது. உங்களுக்கு அது சரிவராது. உங்களுக்கு வேண்டியது ஸ்லாப் செரிப். அதில் காலும் உடம்பும் ஏறத்தாழ ஒரே மொத்தம். வளைவு, நெளிவு, நாணம் ஒன்றும் கிடையாது. கரையில் ஏற்றிய தோணிக்கு இரண்டு பக்கமும் கட்டை அண்டக் கொடுத்த மாதிரி அசையாமல் நிற்கும்.

எங்கே பார்க்கலாம் என்று தேட வேண்டாம். வாசலில் நிற்கிற ஹொண்டாவின் பெயரைக் குனிந்து பாருங்கள். எச் எழுத்தின் இரண்டு தூணுக்கும் மேலும் கீழும் தட்டையான கட்டை இருக்கும். வீட்டில் சொனி டீவி இருந்தால் அதன் பெயரில் 'என்', 'வை' எழுத்துகளைப் பாருங்கள். ஐபிஎம் கொம்பனியின் கோடுபோட்ட மூன்றெழுத்தும் இதே இனம்தான். உலகத்தில் பெரிய கொம்பனிகள் நம்பிக்கையைக் காட்ட எடுத்த எழுத்து இது. 'கடன் இல்லை' என்று எழுதவும் இதுவே பொருத்தம்.

படி 2: சரித்திரம் சொல்லி டிசைன் தம்பியை வெருட்டுங்கள்

எழுத்தைப் பற்றி நாலு விசயம் தெரிந்தவர் என்று காட்டினால்தான் தம்பி உங்கள் வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளாமல் செய்வார். இப்படித் தொடங்குங்கள்: "தம்பி, இந்த எழுத்து 1815 வாக்கில லண்டன்ல பொறந்த. வின்சென்ட் பிகின்ஸ் எண்ட அச்செழுத்து வார்க்கிறவர்தான் முதல்ல விட்டவர்."

அவர் அதற்கு வைத்த பெயர் 'அன்டீக்'. அந்தக் காலம் வரை அச்செழுத்து என்றால் புத்தகத்துக்கு. கையில் பிடித்து, விளக்கடியில் உட்கார்ந்து வாசிப்பதற்கு. தொழிற்சாலைகள் பெருகி, சாமான் பெருகி, அதை விற்க விளம்பரம் பெருகியபோது சுவரில் ஒட்டித் தூரத்தில் இருந்து வாசிக்க வேறு எழுத்து தேவைப்பட்டது. லண்டன் சுவர்களில் அப்போது அதிகம் கத்தியவர்களில் லொத்தர்க்காரர்கள் முன்னணி. 1826இல் அரச லொத்தர் நிறுத்தப்படும் வரை மொத்த எழுத்துக்கு அவர்கள் நல்ல வாடிக்கை.

நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் எகிப்துப் பைத்தியம் பிடித்தது. சந்தைக்கு வந்த புதுச் சாமானுக்கெல்லாம் எகிப்துப் பெயர். இந்த எழுத்துக்கும் 'ஈஜிப்ஷியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எகிப்துக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஆனாலும் நூறு வருடம் கழித்து வந்தவற்றுக்கும் மெம்பிஸ், கெய்ரோ, கர்னக் என்றே பெயர் வைத்தார்கள். கெய்ரோவில் ஓதி வந்த அஸ்ஹரி யாரும் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் அவரிடம் இதைக் காட்டி ஆமோதிப்பு வாங்க முயலாதீர்கள்.

மேயர் கனவு உள்ளவர்கள் அடுத்த செய்தியைக் குறித்துக்கொள்ளவும். 1845இல் 'கிளாரண்டன்' என்ற புகழ்பெற்ற ஸ்லாப் எழுத்தை வெளியிட்டவர் ரொபர்ட் பெஸ்லி. செதுக்கியவர் பெஞ்சமின் பொக்ஸ். சட்டப்படி பதிந்து மூன்று வருட உரிமை எடுத்தார்கள். உரிமை முடிந்ததும் எல்லாரும் கொப்பி அடித்தார்கள். பெஸ்லி 1869இல் லண்டன் மாநகர மேயரானார். எழுத்தைச் செதுக்கிய பொக்ஸ் மேயராகவில்லை. இதில் உள்ள படிப்பினையைத் தம்பிக்குச் சொல்ல வேண்டாம், கூலி கூட்டிக் கேட்பார்.

படி 3: ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் மாற்றுங்கள்

தம்பி 'பாத்திமா ஹாட்வெயார்' என்று தமிழில் தட்டி வைத்திருப்பார். கீழே ஆங்கிலத்திலும் இருக்கும். நீங்கள் ராக்வெல் என்ற எழுத்துருவைக் கேளுங்கள். 1934இல் மொனோடைப் கொம்பனி வெளியிட்ட நல்ல முரட்டு ஸ்லாப். "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ராக்வெல் குடுங்க" என்று உத்தரவிடுங்கள்.

இப்போது ஓர் அற்புதம் நடக்கும். பாமினியில் தட்டிய தமிழ், உள்ளுக்குள் தமிழே இல்லை. ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ் உருவத்தை மாட்டியதுதான் பாமினி. ஜி விசையில் ப, எச் விசையில் கால், ஜே விசையில் த, அரைப்புள்ளியில் புள்ளி. எழுத்துருவை மாற்றியதும் மாட்டியது கழன்றுவிடும். 'பாத்திமா' போய், ஜி, எச், ஜே, அரைப்புள்ளி, ஜே, பி, கே, எச் என்று எட்டும் வரிசையாக, தடித்த காலோடு, கம்பீரமாக நிற்கும். உம்மாவின் பெயர் இத்தனை உறுதியாக எந்த மொழியிலும் எழுதப்பட்டதில்லை.

யுனிகோட்டில் தட்டியிருந்தால் பயன் வேறு. ராக்வெல்லுக்குள் தமிழ் எழுத்தே இல்லை என்பதால் கொம்பியூட்டர் தன்னிடம் உள்ள லதாவையோ நிர்மலாவையோ கொண்டுவந்து போடும். ஆங்கிலம் பயில்வான் மாதிரியும் தமிழ் நோன்பு முப்பதும் பிடித்த மாதிரியும் ஒரே வரியில் நிற்கும். சில டிசைன் மென்பொருட்களில் அதுவும் வராது, பெட்டி பெட்டியாக வரும். பெட்டிகளைப் பார்த்து "இது நல்லாரிக்கி" என்று யாராவது சொன்னால் அவர்தான் உங்கள் கடைக்கு உகந்த வாடிக்கையாளர்.

படி 4: தமிழுக்கும் கால் வையுங்கள்

இதுதான் கைப்பழக்கம் கேட்கிற படி. ஆங்கிலத்துக்குக் கால் இருக்கிறது, தமிழ் மட்டும் ஏன் காலில்லாமல் நிற்க வேண்டும்? நியாயமான கேள்வி. தம்பி பென் டூலை எடுத்து ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் ஒரு கட்டை வைப்பார்.

முதலில் ட. அதற்கு அடியில் ஏற்கனவே நீளமாக ஒரு தட்டு இருக்கிறது, பிறவியிலேயே ஸ்லாப். ப, ம இரண்டும் சமதரையில் உட்கார்ந்த எழுத்துகள். அதுகளிலும் பாதகமில்லை. உற்சாகமாகக் கால் எழுத்துக்கு வாருங்கள், 'பா'வில் வருகிற அந்தத் துணைக்கால். அதன் அடியில் ஒரு கட்டை வையுங்கள். பிறகு இரண்டடி தள்ளி நின்று வாசியுங்கள்.

'பரத்திமர ஹரட்வெயரர்.'

ஏனென்றால் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசமே அடியில் இருக்கிற அந்தச் சின்ன இழுப்புத்தான். கண் அங்கே ஏதாவது ஒன்றைக் கண்டால் ர என்று எடுத்துக்கொள்ளும். எகரத்துக்குக் கட்டை வைத்தால் ஏகாரமாகிவிடும். தலையெழுத்தில் ஏ.எல்.எம். என்றும் எம்.ஏ. என்றும் போடுகிற ஊரில் இது சின்ன விசயமில்லை. ஒருவருடைய கடையை இன்னொருவர் பெயரில் திறந்து வைக்கலாம்.

ஆங்கில எழுத்தில் கால் ஓர் அலங்காரம். கழற்றினாலும் எச் எச்தான், மாட்டினாலும் எச்தான். தமிழில் அடியில் இருக்கிற கீற்றே எழுத்தை எழுத்தாக்குகிறது, ஒரு மில்லிமீற்றர் கூடினால் ஆள் மாறிவிடுவார். ஆகவே தமிழுக்கு ஸ்லாப் வைக்கிறவர் எழுத்தை அலங்கரிக்கவில்லை, எழுத்துப்பிழை விடுகிறார். 'நோட்டோ செரிப் தமிழ்' என்று ஓர் எழுத்துரு இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெயரில்தான் செரிப். அதில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும், அவ்வளவுதான். அதைச் செய்தவர்கள் ஒரு துணைக்காலையும் ரகரமாக்கத் துணியவில்லை. நீங்கள் துணிந்தவர். தொடருங்கள்.

படி 5: மொத்தத்தைக் கூட்டுங்கள்

பின்னால் நிற்கிற நாலு பேரும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டிய நேரம் இது. "காக்கா, கொஞ்சம் மெல்லிசாரிக்கி" என்பார் ஒருவர். தம்பி எழுத்தைச் சுற்றி ஓர் அவுட்லைன் போடுவார். இன்னொருவர் வெள்ளையில் இன்னோர் அவுட்லைன் கேட்பார். மூன்றாமவர் செடோ கேட்பார். நாலாமவர் போன் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் கடைசி முடிவு அவருடையதுதான்.

ஆங்கில எச்சின் வயிறு திறந்தது, எவ்வளவு தடித்தாலும் உள்ளே கொஞ்சம் வெளி மிச்சமிருக்கும். தமிழில் ண இருக்கிறது, ஞ இருக்கிறது, இ இருக்கிறது. சுழியின் மேல் சுழி. கோடு தடிக்கத் தடிக்க உள்ளே உள்ள வெள்ளை அடைபடும். முதலில் ண அடைபட்டு னகரத்தோடு குழம்பும். பிறகு இகரம் ஒரு கறுத்த உருண்டையாகும். 'கல்முனை' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லகரத்தின் புள்ளி மேலே முட்டும், முகரத்தின் வால் கீழே இழுபடும், னகரத்துக்கு முன்னால் நிற்கிற ஐகாரக் கொம்பின் இரண்டு சுழியும் ஒன்றாகும். பழைய போர்ட்களில் னகரத்தின் தலையிலேயே தும்பிக்கை வைத்து ஒரே எழுத்தாக எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்தைச் சீர்திருத்தியபோது கைவிடப்பட்ட உருவம் அது. தும்பிக்கை போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம், மூன்று அவுட்லைனுக்குப் பிறகு யானையே வந்துவிடும்.

புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் கூடும்போது புள்ளி ஒன்றில் எழுத்தோடு ஒட்டும், அல்லது மேல் வரியின் காலுக்குள் புகும். இடைஞ்சலாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 'ஹாட்வெயார்' அப்போது 'ஹாடவெயார' ஆகும். முந்திய படியையும் சேர்த்துக்கொண்டால் அது 'ஹரடவெயரர'. இனி எந்த மொழிக்காரரும் தமக்குப் பாரபட்சம் காட்டியதாக முறையிட முடியாது.

படி 6: அளவையும் கரண்டையும் தீர்மானியுங்கள்

போர்ட் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் பத்து அடி தூரத்திலிருந்து சுகமாக வாசிக்கலாம். எதிர்ப்பக்கக் கடை 40 அடி தூரத்தில் என்றால் நாலு அங்குலம் போதும். ஓடுகிற பஸ்ஸில் வருகிறவர் 150 அடியில் பிடிக்க வேண்டுமென்றால் 15 அங்குலம். நீங்கள் மூன்றடியில் போடுங்கள். கணக்குப்படி அது 360 அடிக்குப் போதும். அவ்வளவு தூரம் நேர்கோட்டில் பார்க்க முடியாமல் நடுவில் பத்துப் போர்ட் மறைக்குமே என்றால், அவர்களும் இதே வழிகாட்டியைப் படித்தவர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எழுத்துக்குள் எல்இடி வைக்கிறீர்கள் என்றால் ஆங்கிலத்தில் ஸ்லாப் உண்மையாகவே உதவும். மெல்லிய கோட்டுக்குள் விளக்குப் பட்டி நுழையாது, வெட்டிய அக்ரிலிக்கும் முறியும். எங்கும் ஒரே மொத்தம் என்றால் வெளிச்சமும் ஒரே சீராக வரும். 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரக்கட்டையில் பெரிய எழுத்து வெட்ட இயந்திரம் செய்தபோதும் நியாயம் இதுதான். ஈயத்தில் அந்த அளவு வார்த்தால் பாரம், விலை. மரத்தில் வெட்டினால் மெல்லிய நுனி முதலில் உடையும், மொத்தக் கால் தாங்கும்.

சட்டம் இரும்பா அலுமினியமா என்று கேட்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் இரும்புக்கு எத்தனை வருடம் என்பது எல்லாருக்கும் தெரியும். இரும்பையே போடுங்கள். துருப்பிடித்து வழிகிற செம்மஞ்சள் கோடு எழுத்துகளுக்கு இலவசமாக இன்னொரு செடோ தரும்.

படி 7: மிச்ச இடத்தை நிரப்புங்கள்

பெயருக்குக் கீழே இன்னும் இரண்டடி வெறுமையாக இருக்கும். வெறுமையாக விடுவது காசை விடுவது. போன் நம்பர் மூன்று, வட்ஸ்அப் நம்பர் ஒன்று, 'மொத்தமாகவும் சில்லறையாகவும்', பெயின்ட் டின், குழாய், பல்பு ஆகியவற்றின் படம், ஒரு வெளிநாட்டுக் கட்டிடம். எல்லாவற்றையும் ஸ்லாப்பில், எல்லாவற்றையும் போல்டில். விலாசத்தில் மட்டும் நிதானம் வேண்டும். 2020 பெப்ரவரியில் பக்கத்துச் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. உள்ளூராட்சி மன்றத்தின் பெயரை மூன்றடி எழுத்தில் போடுமுன் ஒரு மாதம் பொறுத்திருப்பது சிக்கனம்.

மீந்த எழுத்துருவை வீணாக்காதீர்கள். 'அகில இலங்கை சமாதான நீதவானாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட எமது அன்புச் சகோதரருக்கு' என்ற வாழ்த்துக்கு அதே எழுத்து. உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு அதே எழுத்து. ஜனாஸா அறிவித்தலுக்கும் அதே எழுத்து, அதே செடோ. அழுவதற்கு வந்தவர் எந்தக் கடை திறப்புவிழா என்று கேட்டால் கோபிக்க வேண்டாம்.

சந்தேகமும் தெளிவும்

கேள்வி: மேலே 786 போடலாமா?
பதில்: அதை உலமாக்களிடம் கேளுங்கள். போடுவது என்று முடிவானால் ஸ்லாப்பில் போடாதீர்கள், லொத்தர் நம்பர் என்று கிழித்துப் பார்க்க ஆள் வரும்.

கேள்வி: அரசாங்கப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை. நானும் அப்படியா?
பதில்: வரிசையை விட மொத்தம் முக்கியம். மூன்று மொழியும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒன்று கத்தி, மற்ற இரண்டும் முணுமுணுத்தால் முணுமுணுக்கிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

கேள்வி: மொத்த எழுத்தில் தமிழ் வேண்டும், பிழையும் வரக்கூடாது. வழியே இல்லையா?
பதில்: இருக்கிறது, ஆனால் அது இந்த வழிகாட்டிக்குத் துரோகம். பிடிவாதமாகக் கேட்பவர்கள் மட்டும் கீழே வாசிக்கவும்.

எச்சரிக்கை: இவற்றைச் செய்தால் போர்ட் வாசிக்கக்கூடியதாகிவிடும்

தமிழைத் தடித்த எழுத்தாகவே வரைந்தவர்களின் எழுத்துருவை எடுப்பது. மும்பையின் ஏக் டைப் குழுவினர் செய்த 'பாலு தம்பி' உருண்டு திரண்டது. ஆனால் சுழிகளுக்குள் காற்றோட்டம் விட்டிருக்கிறார்கள். அவர்களே 2022இல் வெளியிட்ட 'அனெக் தமிழ்' ஒடுக்கமாகவும் அகலமாகவும், மெலிந்தும் தடித்தும் வரும். நீண்ட பெயரை நசுக்காமல் அடக்க அது உதவும். இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், கவிவாணர் போன்றவை மெல்லியவை. போன் நம்பருக்கும் விலாசத்துக்கும் அதுகளின் அடக்கம் போதும். எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. ஆகவே தம்பி இவற்றைப் பரிந்துரைக்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஸ்லாப்பை விட்டுவிட்டு, அதன் கோடு எத்தனை மொத்தமோ அத்தனை மொத்தத்தில் காலில்லாத தமிழைப் பக்கத்தில் வைப்பது. அளவு எண்ணைச் சமமாக்குவதல்ல, கோட்டைச் சமமாக்குவது. ஆங்கிலம் காலால் ஊன்றி நிற்கட்டும், தமிழ் தன் அகலத்தால் நிற்கும்.

ஒரு வரியை மட்டும் கத்தவிட்டு மற்றதை அடக்கி வைப்பது. அவுட்லைனுக்குப் பதிலாக நிறத்தை மாற்றுவது. ஓடர் கொடுக்குமுன் ஒரு தாளில் அடித்து எதிர்க்கடைச் சுவரில் ஒட்டி, இந்தப் பக்கம் நின்று பார்ப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தைக் கையால் மறைத்து, தமிழை மட்டும் வாசிக்கச் சொல்வது. 'பாத்திமா' என்று தடையில்லாமல் வாசித்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். 'பரத்திமர' என்று வாசித்தால் பிள்ளையில் பிழையில்லை.

உத்தரவாதம்

இந்த வழிகாட்டியின் ஏழு படிகளையும் பின்பற்றிச் செய்த போர்ட்டுக்கு உத்தரவாதம் உண்டு: பக்கத்துக் கடைக்காரர் உங்களதை விட அரையடி பெரிதாக ஒன்று வைக்கும் நாள் வரை. அதற்குப் பிறகு கச்சான் காற்று கிழித்தாலும் மாரி மழை ஊறவைத்தாலும் நாங்கள் பொறுப்பல்ல. இரண்டாவது போர்ட் செய்ய வரும்போது பின்னால் நிற்கிற நாலு பேரையும் பிளேன்டீ குடிக்கக் கடைக்கு அனுப்பிவிட்டு, எச்சரிக்கைப் பகுதியை மட்டும் தம்பியிடம் வாசித்துக் காட்டுங்கள்.